அடுத்தவர் கதாபாத்திரத்தை யார் கொல்லலாம்? – ரசிகர்கள் கூடி வரைந்த வலைக்காமிக்ஸ்களின் கதை

'பொன்னியின் செல்வன்' படித்து முடித்த யாருக்கும் ஒரு நமைச்சல் வரும். அப்புறம் வந்தியத்தேவன் என்ன ஆனான்? கல்கி 1954-ல் மறைந்துவிட்டார், அவர் தொடரவில்லை. விக்கிரமன் சும்மா இருக்கவில்லை. 'நந்திபுரத்து நாயகி' என்று அதன் தொடர்ச்சியை எழுதியே விட்டார். அடுத்தவர் கட்டிய உலகத்துக்குள் இறங்கித் தன் கதையை நடத்துவது ஒன்றும் புதிய சங்கதி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கட்டுரை அதற்கு அடுத்த படியைப் பற்றியது. ஒரு பேச்சுக்கு, அந்தத் தொடர்ச்சிக்குள் நான் புதிதாக ஒரு ஒற்றனைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த ஒற்றனை எடுத்துப் போய் உங்கள் கதையில் கொன்றுவிடுகிறீர்கள். இப்போது செத்தது யாருடைய ஆள்? கல்கிக்கு அவன் யாரென்றே தெரியாது. நான் அவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம் செய்து வைக்கலாம் என்று இருந்தேன். உங்களுக்கோ அவன் செத்தால்தான் கதை நகரும். சிரிப்பாகத் தோன்றினாலும், ரசிகர்கள் கூடி ஓர் உலகத்தைக் கட்டத் தொடங்கிய இடத்தில் எல்லாம் சண்டை இந்தக் கேள்வியில்தான் வந்து நின்றிருக்கிறது. அந்த உலகங்களில் எது பிழைத்தது, எது பாதியில் நின்றது என்று பார்த்தால், கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தது என்பது அவ்வளவு முக்கியமாக இல்லை. கதவில் என்ன எழுதி ஒட்டியிருந்தார்கள் என்பதுதான் முக்கியமாக இருக்கிறது.

இணையத்துக்கு முந்தைய ஒரு முன்னோடியைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடர் அமெரிக்காவில் 1966-ல் தொடங்கி 1969-ல் நின்றது. தொடர் நின்றாலும் ரசிகர்கள் நிற்கவில்லை. கதைகளைத் தட்டச்சு செய்து, நகலெடுத்து, தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். ஜாக்குலின் லிக்டன்பெர்க் என்ற எழுத்தாளர் 'க்ரெய்த்' என்ற பெயரில் ஒரு கதை வரிசையைத் தொடங்கினார். அதில் வல்கன் இனத்தின் சடங்குகள், குடும்ப முறை, அரசியல் எல்லாவற்றையும் தானாகவே கட்டி எழுப்பினார். 1970-களில் அந்த உலகத்துக்குள் மற்றவர்களும் எழுத வந்தார்கள், வரைய வந்தார்கள். சுமார் 50 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். லிக்டன்பெர்க் செய்த புத்திசாலித்தனமான காரியம், அவர்களுக்கென்று ஒரு கையேடே வெளியிட்டது. இந்த உலகத்தில் எது நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, எது நடக்கவே முடியாது என்பதெல்லாம் அதில் இருந்தது. தொடரின் சொந்தக்காரர் வேறு யாரோ, இவர்களுக்குச் சட்டப்படி ஒரு பிடி மண்கூட அதில் கிடையாது. ஆனாலும் உள்ளே ஒரு பஞ்சாயத்து இருந்தது.

இதற்கு நேர் எதிரான கதை மேரியன் ஸிம்மர் பிராட்லியின் 'டார்க்கோவர்'. அங்கே உலகத்தின் சொந்தக்காரரே ரசிகர்களை உள்ளே அழைத்தார். 1980-லிருந்து ரசிகர்களின் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார். 1992-ல் தான் எழுத நினைத்த ஒரு நாவலும் ஒரு ரசிகை எழுதியிருந்த கதையும் ஒன்றோடொன்று உரசின. யாருக்கு எவ்வளவு பணம், யாருக்கு எவ்வளவு பெயர் என்பதில் தகராறு வந்தது. யார் என்ன சொன்னார்கள் என்பதில் இரண்டு தரப்புக்கும் இரண்டு கதைகள். முடிவில் நாவல் வெளிவரவே இல்லை, ரசிகர்களுக்கான கதவும் மூடப்பட்டது. இத்தனைக்கும் அது அன்பாகத் திறந்து வைத்த வீடு. முன்கூட்டியே எழுதி வைக்காத ஒரு விஷயம் அத்தனை வருஷ அன்பையும் தின்றுவிட்டது.

சரி, காமிக்ஸுக்கு வருவோம்.

எழுத்தில் கூடி எழுதுவது சுலபம், எல்லோருக்கும் எழுதத் தெரியும். வரைவது அப்படி இல்லை. ஐந்து பேர் சேர்ந்து ஒரே கதாநாயகனை வரைந்தால் ஐந்து மூக்கு வரும். இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தது ஓவியக் கலை அல்ல, வீடியோ கேம். பழைய விளையாட்டுகளில் ஓடியாடும் குட்டி உருவங்களுக்கு ஸ்ப்ரைட் என்று பெயர். 1990-களின் கடைசியில் பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் மென்பொருள்கள் பரவின. விளையாடிக்கொண்டே திரையைப் படமெடுத்து, பின்னணியை நீக்கி, உருவத்தை மட்டும் வெட்டி எடுத்து, நிற்பது, ஓடுவது, குதிப்பது, அடி வாங்குவது என எல்லா நிலைகளையும் ஒரே தாளில் அடுக்கி வைத்தார்கள். அதுதான் ஸ்ப்ரைட் ஷீட். விண்டோஸில் இலவசமாக வரும் பெயிண்ட் போதும். வெட்டு, ஒட்டு, வாய்க்கு மேலே ஒரு பலூன் போடு, காமிக்ஸ் தயார். 1998-ல் தொடங்கிய 'நெக்லெக்டட் மரியோ கேரக்டர்ஸ்' இந்த வகையில் முதலாவது என்று பொதுவாகச் சொல்வார்கள். பெயரே சொல்கிறதே, மரியோ விளையாட்டுகளில் யாரும் கண்டுகொள்ளாத துணைப் பாத்திரங்களைப் பற்றியது.

இந்த வகையைப் பெரிதாக்கியது 'பாப் அண்ட் ஜார்ஜ்'. டேவிட் ஆனெஸ் என்பவர் 2000 ஏப்ரல் 1-ல் ஆரம்பித்தார். (தேதியைக் கவனியுங்கள்.) அவருடைய உண்மையான திட்டமே வேறு. பாப், ஜார்ஜ் என்று அதிசய சக்தி கொண்ட இரண்டு சகோதரர்களைக் கையால் வரைந்து ஒரு கதை சொல்ல வேண்டும் என்பதுதான் ஆசை. அது தயாராகும் வரை இடத்தை நிரப்ப, 'மெகா மேன்' விளையாட்டின் உருவங்களை வைத்துச் சில பட்டைகள் போட்டார். கையால் வரைந்தது எடுபடவில்லை. இடம் நிரப்ப வந்தது 2007 ஜூலை 28 வரை ஓடியது! மொத்தம் 2500-க்கும் மேற்பட்ட பட்டைகள். கல்யாண வீட்டில் பந்திக்கு முன் கொடுத்த பானகமே விருந்தாகிப் போன மாதிரி.

ஏன் மெகா மேன்? இதில்தான் எனக்குப் பிடித்த ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கிறது. 1987-ல் கேப்காம் நிறுவனம் இதை வெளியிட்டது நிண்டெண்டோவின் 8-பிட் கருவிக்காக. அந்தக் கருவியில் ஒரு ஸ்ப்ரைட்டுக்கு மூன்று நிறங்கள்தான், நான்காவது 'ஒன்றுமில்லை', அதாவது பின்னால் இருப்பது தெரியும். மெகா மேனின் உடம்புக்கு இரண்டு நீலமும் ஒரு கறுப்பும் போய்விட்டால் முகத்துக்கு நிறம் இல்லை. அதனால் முகத்தைத் தனியாக இன்னொரு ஸ்ப்ரைட்டாகச் செய்து மேலே ஒட்டினார்கள். அதோடு, விளையாட்டில் மெகா மேன் எதிரியின் ஆயுதத்தைப் பறித்து அணிந்தால் உடம்பின் நீலம் வேறு நிறமாக மாறும். ஆக, 'அதே ஆள், வேறு நிறம், வேறு சக்தி' என்பதை அந்த விளையாட்டே சொல்லிக் கொடுத்துவிட்டது. ரசிகர் செய்ததெல்லாம் பெயிண்டில் நீலத்தைச் சிவப்பாக்கி, தலைக்கவசத்தை எடுத்துவிட்டு முடி வைத்து, "இவன் என் ஆள்" என்று பெயர் சூட்டியதுதான். இரண்டு பேர் தனித்தனியாகச் செய்த ஆட்களை ஒரே கட்டத்தில் நிற்க வைத்தாலும் ஒட்டாமல் போகாது. எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள். ஐந்து மூக்குப் பிரச்சினை போயே போச்சு.

ஒரு எச்சரிக்கையும் அந்தக் காலத்தில் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. ஜேபெக்காகச் சேமிக்காதே! ஜேபெக் படத்தைச் சுருக்கும்போது புள்ளிகளின் ஓரத்தில் அழுக்குப் படியும். ஒரு முறை அழுக்கான ஸ்ப்ரைட்டை அடுத்தவர் எடுத்து நிறம் மாற்றவே முடியாது. பிஎன்ஜி அல்லது ஜிஃப்தான். எனக்கு இது வெறும் தொழில் ரகசியமாகத் தெரியவில்லை. உன் பொருளை அடுத்தவர் பயன்படுத்தும் நிலையில் வைத்துவிட்டுப் போ என்ற முதல் கூட்டு விதி இது.

'பாப் அண்ட் ஜார்ஜ்' இன்னொரு பழக்கத்தையும் பரப்பியது. கதையை எழுதும் ஆசிரியரே 'ஆசிரியர்' என்ற கதாபாத்திரமாகக் கதைக்குள் வந்தார். கதை சிக்கிக்கொண்டால் அவர் வந்து மாற்றுவார், பாத்திரங்கள் அவரைத் திட்டும். ஆனெஸ் தன் இடத்தில் ரசிகர்களின் காமிக்ஸ்களுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தார். அதைப் பார்த்து வந்தவர்கள் அத்தனை பேரும் தமக்கும் ஓர் 'ஆசிரியர்' உருவத்தைச் செய்துகொண்டார்கள். அப்புறம் இவர் ஆசிரியர் அவர் காமிக்ஸுக்கு விருந்தாளியாகப் போவது, அவர் இங்கே வந்து சண்டை போடுவது என்று ஆரம்பித்து, கடைசியில் பல பேர் சேர்ந்து ஒரே காமிக்ஸை நடத்தும் 'கொலாப்' வகை பிறந்தது. 2000-ல் வந்த கீன்ஸ்பேஸ், 2002-ல் வந்த ட்ரங்க் டக், 2005-ல் வந்த ஸ்மாக் ஜீவ்ஸ் போன்ற இலவச இடங்களில் இவை பெருகின. நடத்தியவர்களில் பெரும்பாலோர் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள்.

இந்தக் கொலாப் காமிக்ஸ்களின் விதிமுறைகள் படிக்கப் படிக்க சுவாரசியம். சேர விரும்புகிறவர் முதலில் ஒரு விண்ணப்பம் மாதிரி கொடுக்க வேண்டும். பெயர், குணம், சக்தி, பலவீனம், ஸ்ப்ரைட் ஷீட். பலவீனம் கட்டாயம். எதற்கும் அசையாத, எல்லோரையும் ஒரே அடியில் வீழ்த்தும் ஆளுக்கு அனுமதி இல்லை. ஒருவர் தன் பக்கத்தைப் போட்டபின் அடுத்தவர் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். முந்தைய பக்கத்தில் நடந்ததை 'நடக்கவில்லை' என்று சொல்லக்கூடாது. முக்கியமாக, அடுத்தவரின் ஆளைக் கேட்காமல் கொல்லக்கூடாது, கை காலை எடுக்கக்கூடாது, காதலிக்க வைக்கக்கூடாது. (கடைசி விதி எத்தனை வயிற்றெரிச்சலுக்குப் பிறகு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!)

இந்த விதிகள் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. சட்டப்படி பார்த்தால் அந்த உருவமே கேப்காமுடையது. புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டவர்கள், உன் குடிசைக்கும் என் குடிசைக்கும் நடுவில் கயிறு கட்டி எல்லை பிரித்துக்கொள்வார்களே, அதே மாதிரி. பட்டா யாரிடமும் இல்லை. ஆனால் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், தாண்டினால் ஊரே சண்டைக்கு வரும்.

அப்படியானால் இவை ஏன் பெரும்பாலும் இருபது முப்பது பக்கத்தில் நின்றுபோயின? சண்டையால் நின்றவையும் உண்டு. ஆனால் பெரிய காரணம் அதைவிடச் சாதாரணம் என்று நினைக்கிறேன். முறை வந்தவருக்குப் பரீட்சை வந்துவிடும். இரண்டு வாரம், நான்கு வாரம், ஆள் வரவே மாட்டார். அவருடைய ஆளைத் தொடக்கூடாது என்பது விதி, அவருடைய ஆளோ கதையின் நடுவில் பள்ளத்தாக்கில் தொங்கிக்கொண்டிருப்பான். இறக்கிவிட யாருக்கும் உரிமை இல்லை. சேரும்போது என்ன செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள், ஒருவர் விலகினால் அவருடைய ஆள் என்ன ஆவான் என்று எழுதவில்லை. ஸ்மாக் ஜீவ்ஸ் 2020 டிசம்பர் 31-ல் மூடப்பட்டபோது, தங்கள் பக்கங்களை நகல் எடுத்து வைத்துக்கொண்டவர்களுடையவை தப்பின. தனியாள் காமிக்ஸ்களை அவரவர் எடுத்துப் போனார்கள். கொலாப்பை யார் எடுத்துப் போவது? எல்லோருடையதும் என்பதால் யாரும் எடுக்காமல் போனவை எத்தனையோ.

இதே காலத்தில் 2001-ல் பிரையன் கிளெவிஞ்சர் தொடங்கிய '8-பிட் தியேட்டர்' ஸ்ப்ரைட் காமிக்ஸ்களிலேயே மிகவும் பேசப்பட்ட ஒன்று. 'ஃபைனல் ஃபேண்டஸி' உருவங்களை வைத்து 2010 வரை ஓட்டினார். அது ஒரே ஆளின் கதை, கூட்டுச் சமாசாரம் இல்லை என்பதால் நீட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கிளெவிஞ்சர் 2007-ல் ஸ்காட் வேகனர் என்ற ஓவியருடன் சேர்ந்து 'அட்டாமிக் ரோபோ' என்ற சொந்தப் பாத்திரத்துக்குப் போய்விட்டார். புறம்போக்கில் கை பழகியவர் பட்டா நிலம் வாங்கிக்கொண்டார்.

எல்லையே வேண்டாம் என்று ஆரம்பித்தவர்களும் உண்டு. 2002-ல் ஸ்டீவன் விண்டில் என்பவர் இணைய நண்பர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்ததில் பிறந்தவள் 'ஜென்னி எவ்ரிவேர்'. கழுத்தில் துண்டு, நெற்றியில் விமானிகள் போடும் கண்ணாடி, குட்டை முடி. எல்லா உலகங்களிலும் ஒரே நேரத்தில் இருப்பவள். யார் வேண்டுமானாலும் எந்தக் கதையிலும் அவளைப் பயன்படுத்தலாம். ஒரே நிபந்தனைதான்: அவள் பொதுச் சொத்து என்று சொல்லும் ஒரு சிறு பத்தியைக் கதையோடு சேர்த்துப் போட வேண்டும். அவள் ஒரு ரசிகர் காமிக்ஸிலிருந்து வரவில்லை, பொதுவில் விடவே செய்யப்பட்டவள். நிறையப் பேர் வரைந்தார்கள். அவளுக்கு எதிரியாக 'ஜென்னி நோவேர்' கூட வந்தாள்.

ஆனால் எனக்கு ஜென்னி கதைகளில் ஒரு குறை தெரிகிறது. எல்லா இடத்திலும் இருப்பவளை எந்த இடத்திலும் தவறாக வரைந்துவிட முடியாது. உன் கதையில் அவள் செத்தால் என் கதையில் உயிரோடு இருக்கிறாள், இரண்டும் சரி. சண்டையே இல்லை. சண்டை இல்லாததால், ஒருவர் கதையை இன்னொருவர் படித்தே ஆக வேண்டிய அவசியமும் இல்லை. ஆளுக்கொரு ஜென்னி கிடைத்தாள். எல்லோரும் சேர்ந்து குடியிருக்கும் ஓர் ஊர் அவளைச் சுற்றி உருவாகவில்லை. லிக்டன்பெர்க்கின் கையேட்டில் இருந்த 'இது நடக்க முடியாது' என்ற வரிகள் எவ்வளவு உபயோகமானவை என்று இங்கே வந்தால்தான் புரிகிறது.

இதை நடைமுறையில் சோதித்தே பார்த்தவர் ஆண்ட்ரூ ஹஸ்ஸி. 'எம்எஸ் பெயிண்ட் அட்வெஞ்சர்ஸ்' என்ற பெயரில் அவர் போட்ட காமிக்ஸ்களில் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று வாசகர்கள் கட்டளை கொடுப்பார்கள், அவர் வரைவார். 2006-ல் தொடங்கிய முதல் கதை 'ஜெயில்பிரேக்'. அதில் முதலில் வந்த கட்டளை எதுவோ அதையே வரைவது என்று வைத்துக்கொண்டார். விளைவு, சிறையிலிருந்து தப்பிக்க வேண்டிய ஆள் கன்னாபின்னாவென்று ஏதேதோ செய்துகொண்டிருந்தான், கதை போக வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை. 2008-ல் தொடங்கிய 'ப்ராப்ளம் ஸ்லூத்'தில் வந்த கட்டளைகளில் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தார். அது ஒரே வருஷத்தில் முடிந்தது, முழுக் கதையாகவும் இருந்தது. 2009 ஏப்ரல் 13-ல் 'ஹோம்ஸ்டக்' ஆரம்பித்தது. வாசகர் கூட்டம் எக்கச்சக்கமாகப் பெருகியபின் கட்டளை வாங்குவதையே நிறுத்திவிட்டார். பத்துப் பேர் சொன்னால் அது யோசனை. ஆயிரக்கணக்கானோர் சொன்னால், எதைச் செய்தாலும் யாரோ ஒருவர் முன்பே சொன்னதாகத்தான் இருக்கும்.

கட்டளைக் கதவு மூடியது. ஆனால் ஹோம்ஸ்டக் இன்னொரு கதவைத் திறந்திருந்தது, அதுதான் ரசிகர்களுக்கு உண்மையில் பயன்பட்டது. கதையில் ட்ரோல் என்று கொம்பு வைத்த ஓர் இனம் வருகிறது. அவர்களுக்குக் கறாரான இலக்கணம் உண்டு. ஆளுக்கு ஒரு ராசி. பெயரில் முதல் பாதி ஆறு எழுத்து, இரண்டாம் பாதி ஆறு எழுத்து (ஆங்கிலத்தில்). ரத்தத்துக்கு ஒரு நிறம், அந்த நிறம்தான் ஜாதி போலச் சமூகத்தில் இடத்தை முடிவு செய்யும். அரட்டையில் வைத்துக்கொள்ளும் புனைபெயர் இரண்டு சொல்லாக இருக்க வேண்டும், அவற்றின் முதலெழுத்துகள் மரபணுவின் நான்கு எழுத்துகளான ஜி, சி, ஏ, டி-க்குள் அடங்க வேண்டும். உடம்பு சாம்பல் நிறம், சட்டை கறுப்பு, நடுவில் ராசிச் சின்னம். ஒரு பள்ளிப் பெண் இதைப் படித்துவிட்டு ஒரு மதியத்தில் தன் சொந்த ட்ரோலைச் செய்துவிடலாம். செய்தார்கள், ஆயிரக்கணக்கில். அந்த ட்ரோல்களை வைத்துத் தனித்தனிக் காமிக்ஸ்களும் வந்தன. மூலக் கதையின் ஒரு முடியைக்கூட அவர்கள் அசைக்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அந்த இனத்தின் உலகம் பெரியது, காலி இடம் ஏராளம்.

ஹஸ்ஸி தரப்புக்கும் இது புரிந்தே இருந்தது. 12 ராசிகளை 288 சின்னங்களாக விரித்து 2017-ல் வெளியிட்டார்கள். 12 ரத்த நிறம், 12 தன்மை, இரண்டு நிலா, பெருக்கிப் பாருங்கள். கதையில் அத்தனை பேர் வரப் போவதில்லை. அவ்வளவும் ரசிகர்கள் உட்கார்ந்துகொள்ளப் போட்ட நாற்காலிகள்.

ஹோம்ஸ்டக்குக்கு இசை அமைத்த குழுவில் டோபி ஃபாக்ஸ் என்று ஓர் இளைஞர் இருந்தார். அவரும் ரசிகராக வந்தவர்தான். 'எர்த்பவுண்ட்' விளையாட்டை மாற்றியமைத்து 2008-ல் ஒரு ரசிகர் பதிப்பு செய்தார். அதற்குப் போட்ட 'மெகலோவேனியா' என்ற மெட்டு பிறகு ஹோம்ஸ்டக்கில் வந்தது, 2015-ல் அவர் சொந்தமாக வெளியிட்ட 'அண்டர்டேல்' விளையாட்டிலும் வந்தது. ரசிகர் வீட்டில் பிறந்த ஒரு பாட்டு ஏழே வருஷத்தில் மூன்று வீடு மாறியிருக்கிறது!

அண்டர்டேல் வந்த சில மாதங்களிலேயே ரசிகர்களின் 'மாற்று உலகங்கள்' கிளம்பின. 'அண்டர்ஃபெல்' என்றால் எல்லோரும் கொடூரமானவர்கள். 'அண்டர்ஸ்வாப்' என்றால் அண்ணன் தம்பி உட்பட எல்லோருடைய வேடமும் இடம் மாறிவிடும். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய விதிகள் என்பதைக் கவனியுங்கள். விதி தெரிந்தால் விளையாட்டின் எந்தப் பாத்திரத்தையும் எவரும் அந்த உலகத்துக்கு மாற்றி வரையலாம். அப்புறம் ஓர் ஓவியர் இந்த உலகங்களை எல்லாம் அழிக்கத் துடிக்கும் ஒரு எலும்புக்கூட்டை வரைந்தார், இன்னோர் ஓவியர் அவற்றைக் காக்கும் ஒன்றை வரைந்தார். இரண்டுமே மூல விளையாட்டில் வரும் சான்ஸ் என்ற ஒரே எலும்புக்கூட்டின் வேறு வடிவங்கள். மற்றவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து நெடுந்தொடர்களாக காமிக்ஸ் போட்டார்கள், அனிமேஷன் போட்டார்கள்.

ஸ்ப்ரைட் காலத்துக் கயிறு இங்கே திரும்பி வந்தது, இன்னும் இறுக்கமாக. என் வடிவத்தை வரையலாம், பேர் போட வேண்டும், காமிக்ஸில் சேர்க்கலாம், காதல் வேண்டாம், விற்கக் கூடாது, தன்மையை மாற்றக் கூடாது என்று அவரவர் தங்கள் பக்கத்தில் எழுதி வைத்தார்கள். டோபி ஃபாக்ஸின் பாத்திரத்தைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவர்கள், அதன் மேல் போட்ட சட்டைக்கு அனுமதி கேட்கச் சொல்கிறார்களே என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேலி நியாயம் போலத் தோன்றினாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டம் அவர்களுக்கு எதுவும் தராத இடத்தில், ஒரு பதினாறு வயதுப் பிள்ளை ராத்திரி எல்லாம் உட்கார்ந்து யோசித்த ஒன்றுக்கு மரியாதை கிடைக்க வேறு வழி என்ன இருக்கிறது? ஆனால் இந்த விதிகளில் பல, பாத்திரம் பிரபலமான பிறகு எழுதப்பட்டவை. அப்போதே நூறு பேர் நூறு விதமாக வரைந்து முடித்திருப்பார்கள். அவர்களிடம் போய் இனிமேல் இப்படி வரையாதே என்றால் சண்டை வராமல் என்ன செய்யும்.

கயிறையும் பட்டாவையும் முதல் நாளிலேயே சேர்த்து எழுதியவர் என்று நான் பார்த்த வரையில் பிரான்ஸ் நாட்டு ஓவியர் டேவிட் ரெவுவாவைச் சொல்லலாம். 2014-ல் அவர் தொடங்கிய 'பெப்பர் அண்ட் கேரட்' ஒரு சின்னச் சூனியக்காரிப் பெண்ணையும் அவளுடைய பூனையையும் பற்றிய வலைக்காமிக்ஸ். இது ரசிகர் காமிக்ஸ் அல்ல, அவருடைய சொந்தக் கற்பனை. ஆனால் ரசிகர்கள் வந்து சேர என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதில் இருக்கிறது. கிரிட்டா என்ற கட்டற்ற மென்பொருளில் வரைகிறார், அடுக்கு அடுக்காகப் பிரித்த மூலக் கோப்புகளை அப்படியே கொடுத்துவிடுகிறார். பேச்சுப் பலூன்கள் படத்தோடு ஒட்டாமல் இங்க்ஸ்கேப்பில் திறக்கும் தனிக் கோப்பில் இருக்கின்றன. அதனால் மொழிபெயர்ப்பவர் படத்தைத் தொடாமல் எழுத்தை மட்டும் மாற்றலாம். 50-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அது போயிருக்கிறது. ஜேபெக்காகச் சேமிக்காதே என்ற அந்தப் பழைய அறிவுரையின் பேரப்பிள்ளை இது.

கதை நடக்கும் உலகத்தின் பெயர் ஹெரேவா. அதற்கு ஒரு தனி ஏடு இருக்கிறது. ஊர்கள், வரலாறு, ஆறு மந்திரப் பள்ளிகள், எந்தப் பள்ளிக்கு எந்தச் சக்தி என்று எல்லாம் ரசிகர்களும் சேர்ந்து எழுதி வைத்தது. ஆறு பள்ளிகள் என்பதும் நாற்காலிதான். புதிதாக ஒரு சூனியக்காரியைச் செய்ய நினைப்பவர் எங்கிருந்து தொடங்குவது என்று திண்டாட வேண்டாம். ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசியிலும் வரைந்தவர், திருத்தம் சொன்னவர்கள், மொழிபெயர்த்தவர் ஆகியோரோடு, ஹெரேவா உலகத்தை எழுதிப் பராமரிப்பவர்களுக்கும் தனியாகப் பெயர் போடுகிறார்கள்.

உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ், அதிலும் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற வகை. வியாபாரத்துக்கும் தடை இல்லை. இது வெறும் பேச்சா என்று 2016-ல் சோதனை வந்தது. பிரான்ஸின் பெரிய காமிக்ஸ் பதிப்பகங்களில் ஒன்றான க்ளேனா இதைப் புத்தகமாக வெளியிட்டது. உரிமப்படி ரெவுவாவுக்கு ராயல்டி ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டியதில்லை. மற்ற வாசகர்கள் நன்கொடை தருவது போல அவர்களும் புதிய அத்தியாயங்களுக்கு ஆதரவாக ஒரு தொகை கொடுக்க முன்வந்தார்கள். மற்ற ஓவியர்கள் கொதித்தார்கள், இப்படியே போனால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது என்று. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் ரெவுவாவுக்குக் கிடைத்த மாதிரி நன்கொடையாளர்கள் கிடைக்க மாட்டார்கள். ரெவுவா தன் உரிமத்தில் இதற்குத் தெரிந்தேதான் இடம் வைத்ததாகச் சொல்லி அசையாமல் நின்றார். க்ளேனாவுக்கு இருந்த அதே உரிமை, ஊரில் நகலெடுக்கும் கடை வைத்திருப்பவருக்கும் இருக்கிறது.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு அங்கே கிடைக்கும் பதில் இதுதான். ஹெரேவாவில் என் சூனியக்காரியை நுழைத்து, நான் காமிக்ஸ் போடலாம், விற்கலாம். நான் அதே உரிமத்தில் அவளை விட்டிருந்தால், நீங்கள் என் பெயரைப் போட்டுவிட்டு உங்கள் காமிக்ஸில் அவளைக் கொல்லலாம். நான் பரீட்சைக்குப் போய் வராமலே போனாலும் பள்ளத்தாக்கில் தொங்குகிறவளை யாராவது இறக்கிவிடலாம். ஆனால் அவள் செத்தாளா இல்லையா என்பது பெப்பருக்கும் அவள் பூனைக்கும் தெரிய வருமா என்றால், அது ரெவுவா வரையும் அத்தியாயத்தில். அந்தப் பேனா இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.